ஆங்கிலம் பயில்வோரின் வாசிப்பும் சொல்லறிவும்: மதிப்பீட்டு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலப் பந்தியொன்றை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாத மாணவனிடம் குறைவாயிருப்பது யாது? சொல்லறிவா, வாசிப்பாற்றலா? இவ்வினாவைப் பரீட்சைகள் எவ்வாறு அணுகி வந்துள்ளன என்பதை இங்கு நோக்குவோம்.

1913 ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழியாளருக்கென ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையொன்றைத் தொடங்கியது. தோற்றியோர் மூவர், சித்தியெய்தியோர் எவருமிலர். மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் என்பவற்றுக்கு வினாத்தாள்கள் இருந்தன. சொல்வதெழுதல், உரத்து வாசித்தல், உரையாடல் ஆகியனவும் சோதிக்கப்பட்டன. ஆயின், வாசித்து விளங்குதலுக்கோ சொல்லறிவுக்கோ தனி வினாத்தாள் இருக்கவில்லை.

இவ்விரண்டையும் முதன்மைப்படுத்தியோருள் மைக்கேல் வெஸ்ற் குறிப்பிடத்தக்கவர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணிபுரிந்த அவர், வங்காள மாணவரின் இருமொழிக் கல்வி பற்றிய தம் ஆய்வை 1926 இல் வெளியிட்டார். கல்வியை இடையில் நிறுத்துவோருக்கும் எஞ்சிப் பயன்தரக்கூடியது வாசிப்புத்திறனே என்பது அவர் வாதம். வாசிப்பை எளிதாக்கவேண்டின் எச்சொற்களை முதலிற் கற்பித்தல் வேண்டும்? அமெரிக்க உளவியலாளர் தோண்டைக், சொற்களின் வழக்கு மிகுதியைக் கணக்கிட்டு, 10,000 சொற்கொண்ட பட்டியலை 1921 இலேயே வெளியிட்டிருந்தார். வெஸ்ற் 1953 இல் ஏறத்தாழ 2,000 சொற்கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலைத் தந்தார். சொல்லறிவை அளப்பதற்கு இத்தகைய பட்டியல்கள் அடிப்படையாயின.

அதே 1953 இல் வில்சன் ரெய்லர் வேறொரு வழியைக் காட்டினார். பந்தியொன்றில் ஒழுங்கான இடைவெளியிற் சொற்களை நீக்கி, வாசிப்போரைக் கொண்டு அவற்றை நிரப்பச் செய்வதே அம்முறை. உரைநடையின் எளிமையை அளக்க எழுந்த இம்முறை, பின்னர் இரண்டாம் மொழி கற்போரைச் சோதிக்கவும் பயன்பட்டது. இங்கே சொல்லும் பந்தியும் பிரிக்கப்படுவதில்லை.

1964 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கிய ‘ரோஃபல்’ பரீட்சையோ சொல்லறிவையும் வாசிப்பையும் தனித்தனிப் பகுதிகளாக்கியது. 1976 இல் அவை ஒரே பகுதியாயின. 1995 இல் தனிச்சொல் வினாக்கள் கைவிடப்பட்டு, பந்தியில் வரும் சொற்களே வினவப்பட்டன. தனிச்சொல் வினாக்கள் மாணவரைப் பட்டியல்களை மனனஞ் செய்யவே தூண்டும் என்ற கண்டனம் முன்னரே எழுந்திருந்தது.

அவ்வாறாயின் தனிச்சொற் சோதனை பயனற்றதா? அன்று என்பதே எமது கருத்து. நியூசிலாந்து அறிஞர் போல் நேசன் 1983 இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்றாகும். 2,000, 3,000, 5,000, 10,000 என்னும் படிநிலைகளோடு பல்கலைக்கழகச் சொற்களுக்கும் அதில் ஒரு நிலை உண்டு. ஆறு சொற்களுள் மூன்றை, தரப்பட்ட மூன்று பொருள்களோடு மாணவர் பொருத்துதல் வேண்டும். மாணவரைத் தெரிந்தெடுப்பதன்று, அவர்தம் குறையைக் கண்டறிவதே அதன் நோக்கம்.

தமிழ்மூலம் பயின்று, நூலகத்தில் ஆங்கில நூல்களை நாடும் எம் மாணவருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. பந்தி வினாவில் இருவர் ஒரே குறைந்த புள்ளியைப் பெறலாம். ஒருவர் அடிப்படைச் சொற்களையே அறியாதவர். மற்றவர் சொற்களை அறிந்தும் கருத்துத் தொடர்பைப் பற்றமாட்டாதவர். முன்னவருக்கு வேண்டியது சொற்பயிற்சி. பின்னவருக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி. புள்ளி மாத்திரம் இதனைப் புலப்படுத்தாது. எனவே, தேர்வுக்குப் பந்தியும் கற்பித்தலுக்கு இரு சோதனைகளும் வேண்டும் என்பதே இவ்வரலாறு எமக்கு உணர்த்தும் உண்மையாகும்.