பினாங்கை மதுரையில் இருந்து எழுதியவர்



எழுத்தாளர் ஒருவர் ஊருக்கு வந்தால் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. முதலாவது, "ஐயா, உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" அவர் கடல் கடந்து வாழ்ந்தவராக இருந்தால் இரண்டாவது கேள்வியும் வந்துவிடும். "வெளிநாட்டு வாழ்க்கை உங்கள் எழுத்தை எப்படி மாற்றியது?" கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்விகள் என்று சிலர் சலித்துக் கொள்வார்கள். ஆனால், இந்த இரண்டையும் கேட்க ஆளில்லாமல் ஓர் எழுத்தாளர் வாழ்ந்து மறைந்தால் என்ன ஆகும்? அப்படி ஒருவர் இருந்தார். அவர் எழுதியது வேறு எந்த ஊரையும் பற்றி அல்ல, நம்முடைய பினாங்கையும் சிங்கப்பூரையும் பற்றித்தான். அவர் பெயர் ப. சிங்காரம்.

பதினெட்டு வயதில் மெடான்

சிங்காரம் 1920ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தவர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. 1938இல், பதினெட்டு வயதில், சுமத்ராவில் உள்ள மெடான் நகருக்குக் கப்பலேறினார். ஊர்க்காரர் ஒருவரின் வட்டிக்கடையில் வேலை.

மெடான் என்றால் நமக்குத் தொலைதூரம் இல்லை. பினாங்கில் இருந்து நீரிணையைக் கடந்தால் பெலவான் துறைமுகம், அங்கிருந்து சற்றுத் தொலைவில் மெடான். அன்று டச்சுக்காரர்களின் ஆட்சி. புகையிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழர்கள் போயிருந்தார்கள். 1884இலேயே அங்கே மாரியம்மனுக்குக் கோயில் எழும்பிவிட்டது. மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் கண்ட வாழ்க்கைக்கு அது ஒரு பக்கத்து வீடு.

வட்டிக்கடை வாழ்க்கையை இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு பேரேடு. பகலில் அங்கேதான் தொழில், இரவில் அங்கேதான் படுக்கை. பையனாக வருபவன் பெருக்கவும் தண்ணீர் எடுக்கவும் பழகி, பிறகு அடுத்தாளாகி, திறமை இருந்தால் மேலாளாக உயர்வான். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தால் ஊருக்குப் போய் வரலாம். மனைவி மக்கள் ஊரில். ஆண்கள் மட்டும் இங்கே. கடிதம்தான் குடும்பம்.

இந்த உலகத்தைச் சிங்காரம் உள்ளே இருந்து பார்த்தார். யார் எப்படி வெற்றிலை மடிப்பார், எந்த முதலாளி எதற்குச் சிரிப்பார், கடன் வாங்க வந்தவரின் குரல் எப்படித் தாழும் என்பதெல்லாம் அவர் மனத்தில் தங்கிவிட்டன.

போர் வந்தது

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. டிசம்பர் 11இல் பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதமே மெடானும் ஜப்பானியர் கைக்குப் போனது.

மூன்று ஆண்டுக் கணக்குப் போட்டு வாழ்ந்தவர்களுக்குக் கணக்கே தப்பிப் போன காலம் அது. ஊருக்குக் கப்பல் இல்லை, கடிதமும் இல்லை. பழைய கடன்களை மதிப்பிழந்த ஜப்பானிய நோட்டில் கட்டித் தீர்த்தவர்கள் உண்டு. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போனவர்களும் உண்டு. தோட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். பேரேடு எழுதிய கைகளும் பால் வெட்டிய கைகளும் துப்பாக்கி பிடித்தன.

சிங்காரம் இந்தக் காலம் முழுவதையும் கடந்து வந்தார். அங்கேதான் மணம் முடித்தார். பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் இறந்து போனார்கள். 1946இல் தனி ஆளாக இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு மதுரையில் தினத்தந்தி நாளிதழில் வேலைக்குச் சேர்ந்து, 1987 வரை அங்கேயே இருந்தார். மறுமணம் செய்து கொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறைதான் அவருக்கு வீடு.

இரண்டே நாவல்கள்

மதுரையில் உட்கார்ந்து கொண்டு அவர் எழுதியது மதுரையை அல்ல. 1950 அளவில் 'கடலுக்கு அப்பால்' எழுதினார். செல்லையா என்ற வட்டிக்கடை இளைஞன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து பினாங்குக்குத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்தின் மீது அவனுக்கு அன்பு. துப்பாக்கி ஏந்தித் திரிந்தவனைப் பழைய கடைக்கணக்கு ஏற்றுக் கொள்ளுமா என்பதே கதை. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1959இல் அது நூலாக வந்தது.

அடுத்தது 'புயலிலே ஒரு தோணி'. 1962 அளவில் எழுதி முடித்தார். அச்சில் வந்தது 1972இல். பத்து ஆண்டுகள்! ஜப்பானியர் மெடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது கதை. பாண்டியன் என்ற இளைஞன் தொங்கானில் ஏறி, புயலில் சிக்கி, பினாங்குக்கு வருகிறான். மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் டச்சுச் சொல்லும் தமிழோடு கலந்து வருகின்றன. அன்றைய சூலியா ஸ்ட்ரீட்டில் நடந்தால் காதில் எப்படி விழுந்திருக்குமோ அப்படியே விழுகிறது பேச்சு. முடிவை நான் சொல்லப் போவதில்லை; படித்துத் தெரிந்து கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. இரண்டோடு நிறுத்திக் கொண்டார்.

கேட்கப்படாத கேள்விகள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அவருக்குப் பிடித்த புத்தகங்கள் எவை? அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் நாவல்களில் தமக்கு ஈடுபாடு உண்டு என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஹெமிங்வேயும் போரை அருகில் நின்று பார்த்தவர். நாடு விட்டு நாடு சென்று வாழ்ந்தவர். போரைப் பற்றி எழுதும்போது கண்ணீரை வாசகரிடம் விட்டுவிட வேண்டும், எழுத்தாளன் அழக்கூடாது என்ற பாடத்தைச் சிங்காரத்தின் பக்கங்களிலும் காணலாம்.

அதே நேரத்தில் அவர் பழந்தமிழ் நூல்களை ஊறிப் படித்தவர் என்பதற்குப் 'புயலிலே ஒரு தோணி'யே சாட்சி. சிலப்பதிகாரம் முதல் சித்தர் பாடல் வரை பாண்டியனின் நினைவில் வந்து போகின்றன. சில இடங்களில் பக்தியோடு, பல இடங்களில் கேலியோடு. பினாங்கில் தமிழ் இளைஞர்கள் கூடி விவாதிக்கும் பகுதியைப் படியுங்கள். பழம்பெருமை பேசுகிறவர்களைப் பார்த்து, "சரி, இன்று நாம் என்ன செய்து கொண்டிருக்கிறோம்?" என்று கேட்கும் தொனி அதில் இருக்கும். ஊரில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாகத் தோன்றியிருக்காது. பக்கத்துக் கடையில் சீனர், எதிர்க்கடையில் குஜராத்தி, மேலே டச்சுக்காரர் என்று வாழ்ந்தவருக்குத்தான் தன் இனத்தின் உயரமும் தாழ்வும் ஒன்றாகத் தெரியும். இரண்டாவது கேள்விக்கும் இதுவே விடை. வெளிநாட்டு வாழ்க்கை அவருக்கு ஊரைத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணைக் கொடுத்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதே கண் கடலுக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் போய்ப் பார்க்காமலேயே எழுதியது அது. அகிலன் மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்ப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். இருவரும் பெரியவர்கள்தாம். ஆனால் கேட்டு எழுதுவது வேறு, பார்த்து எழுதுவது வேறு, வாழ்ந்து எழுதுவது வேறு. சிங்காரம் மூன்றாவது வகை.

பிறகு ஏன் அந்தப் புத்தகம் பேசப்படவில்லை? தமிழ்நாட்டு வாசகருக்கு மெடானும் பெலவானும் வெறும் பெயர்கள். அந்தத் தெருக்களில் நடந்தவர்களோ இங்கே இருந்தார்கள், அவர்களிடம் புத்தகம் பரவலாகச் சேரவில்லை. தெரிந்தவன் படிக்கவில்லை, படித்தவனுக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் ஒரு சிலரே அவரைத் தேடிப் போய்ப் பேசினார்கள். 1997 டிசம்பரில் அவர் காலமானார். சேமித்து வைத்திருந்த பணத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் மறைந்த பிறகுதான் தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே தொகுதியாக வெளியிட்டது. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்ற பேச்சு அதன் பிறகே பரவலாயிற்று. கேட்க அவர்தான் இல்லை.

நம் பக்கம் நடந்தது

சிங்காரம் முதல் நாவலை எழுதிக் கொண்டிருந்த அதே நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டு வாக்கில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழ் 'கதை வகுப்பு' ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையில் பாடம் வரும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். ஆசிரியர்கள் படித்து, தரம் பிரித்து, குறை நிறை சொல்வார்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்த வாசகர்கள் பலர் எழுத்தாளர்களாக எழுந்தது அப்படித்தான். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றம் நடத்தியது. அவரே 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, எளிய தொழிலாளர்களும் தங்களால் இயன்ற வெள்ளியைக் கொடுத்தார்கள். அந்தப் பணம் எதற்கு? பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் சேர்ப்பதற்கு.

தாம் ஒரு நாளும் நுழையப் போகாத நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த மக்கள் அவர்கள். படிக்கிறவன் எழுதுகிறவனோடு பேச வேண்டும், எழுதுகிறவன் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கதை வகுப்பில் கிடைத்த அந்தப் பேச்சு மதுரை விடுதி அறைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மூன்றாவது நாவல் வந்திருக்குமா? சொல்ல முடியாது. ஆனால் பினாங்கில் இருந்து ஒரு வாசகர், "ஐயா, நீங்கள் எழுதிய தெருவில்தான் எங்கள் கடை" என்று ஒரு கடிதம் போட்டிருந்தால், அந்த அறையில் அதைவிடப் பெரிய பரிசு வேறு இருந்திருக்காது.

தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியில் நின்று போயிற்று. கிட்டங்கிகள் மறைந்துவிட்டன. போரைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். ஆகவே, அன்பர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று, 'புயலிலே ஒரு தோணி'யை வாங்கி, வீட்டில் வயதானவர் இருந்தால் அவருக்கு நாலு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். "அந்தத் தெரு அப்படியா இருந்தது?" என்று கேளுங்கள். அவர் மறுத்தாலும் லாபம், ஒப்புக் கொண்டாலும் லாபம். சொன்னதை எழுதி வையுங்கள்.

இரண்டு, நம் நாட்டிலேயே இருந்து எழுதிக் கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். சயாம் ரயிலைப் பற்றி ஆர். சண்முகம் 1993இல் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அவரைப் போல எத்தனையோ பேர் சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் அடித்துவிட்டு, யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று காத்திருக்கிறார்கள். வெளியீட்டு விழாவுக்குப் போய் மாலை போட்டு, புத்தகத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். படியுங்கள். படித்துவிட்டு அவரைத் தேடிப் போய், அந்தப் பழைய இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

சலித்துக் கொண்டாலும் பரவாயில்லை, பதில் சொல்ல அவர் இருக்கிறார்.