ஷேகாவாட்டியின் சித்திர வீடுகள்

நம் நாட்டுச் சுவர்ச் சித்திரங்கள் என்றவுடன் அஜந்தாக் குகைகளும், சித்தன்னவாசலும், தஞ்சைப் பெரிய கோயிலும் நினைவுக்கு வருகின்றன. அவை துறவிகளின் உறைவிடத்திலும் தெய்வத்தின் சந்நிதியிலும் எழுதப்பட்டவை. குடும்பத்தார் தாம் உண்டு உறங்கி வாழும் இல்லத்தையே சித்திரசாலையாக்கிய வரலாறும் நம் நாட்டில் உண்டு. அது பொருள் தேடி அயலூர் சென்றவர்களின் வரலாறு. ஆதலின், தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

ராஜஸ்தானத்தின் வடகிழக்கே, ஜுன்ஜுனு, சீகர், சூரு ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் வறண்ட நிலப்பகுதிக்கு ஷேகாவாட்டி என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராவ் ஷேகா என்னும் ராஜபுத்திரத் தலைவரின் பெயரால் அப்பெயர் வழங்குகிறது. மழை குறைந்த, மணல் மிகுந்த அந்நாட்டுக்கு விளைச்சல் பெரும் செல்வத்தைத் தரவில்லை, வழிதான் தந்தது. குஜராத்தின் துறைமுகங்களுக்கும் தில்லிக்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற ஒட்டக வரிசைகள் இவ்வழியே போயின. வழியோர ஊர்களில் வணிகர் குடியேறினர், செல்வம் சேர்ந்தது.

1818இல் ஜெய்ப்பூர் அரசு ஆங்கிலக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பின்னர் வர்த்தகத்தின் மையம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மாறியது. பாலைவன வழிகள் படிப்படியாக ஓய்ந்தன. மார்வாடிகள் என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் அவ்வணிகர்கள் வர்த்தகத்தைப் பின்தொடர்ந்து சென்றார்கள். ஆடவர் கல்கத்தாவின் படாபஜாரில் சிறு அறைகளில் தங்கிப் பஞ்சும் சணலும் அபினும் விற்றுப் பொருளீட்டினர். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். ஈட்டிய பொருளில் ஒரு பங்கு ஊருக்கு வந்து கிணறாகவும், கோயிலாகவும், சத்திரமாகவும், எல்லாவற்றிற்கும் மேலாக வீடாகவும் உருப்பெற்றது. நவல்கட், மண்டாவா, ஃபதேபூர், ராம்கட் முதலிய ஊர்களில் தெருத் தெருவாக இன்றும் நிற்கும் ‘ஹவேலி’ என்னும் மாளிகைகள் இவ்வாறு எழுந்தவையே.

இவ்வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு முற்றங்கள் உண்டு. வெளி முற்றத்தை ஒட்டி ஆடவர் வணிகம் பேசும் கூடம். உள் முற்றம் பெண்டிருக்குரியது. தெருப்பக்கத்துச் சுவர், நுழைவாயில், முற்றத்துச் சுற்றுச் சுவர், கூடத்தின் விதானம் என எங்கும் சித்திரங்கள் நிறைந்திருக்கும்.

இவற்றை எழுதியவர்கள் அரசவை ஓவியர்கள் அல்லர். ‘செஜாரா’ எனப்பட்ட கொத்தர்களே சுவரும் எழுப்பினர், சித்திரமும் எழுதினர். சுவரின்மேல் கரடான காரையைப் பூசி, அதன்மேல் படிப்படியாக மென்மை மிகுந்த சுண்ணச் சாந்தைப் பூசுவார்கள். இறுதிப் பூச்சின் ஈரம் உலர்வதற்குள் சுண்ணாம்பு நீரில் குழைத்த வர்ணங்களைத் தீட்டிவிட வேண்டும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகும்போது, வர்ணமும் அதனுள் சிக்கிக்கொள்கிறது. ஆகவே சித்திரம் சுவரின் மீதன்று, சுவருக்குள்ளேயே இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு வெயிலையும் மணற்காற்றையும் அவை தாங்கியதன் இரகசியம் இதுவே.

தொடக்கத்தில் காவிக்கல்லின் சிவப்பு, மஞ்சள் மண், விளக்குப் புகைக் கரி, அவுரி நீலம், சுண்ணாம்பின் வெண்மை ஆகிய சில வர்ணங்களே பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியில் செய்த செயற்கை வர்ணங்கள் வந்தன. சுவர்களில் பளிச்சென்ற நீலமும் சிவப்பும் பெருகின. சித்திரப் பொருளும் மாறியது. கண்ணன் லீலை, இராமாயணம், டோலா–மாரு காதல் கதை ஆகியவற்றின் அருகிலேயே ரயில் வண்டியும், மோட்டாரும், கிராமபோனும், தொப்பியணிந்த துரைமாரும் இடம்பெற்றனர். சில சுவர்களில் தெய்வங்களே மோட்டாரில் பவனி வருகிறார்கள்! வெளியூரில் வீட்டுத் தலைவர் கண்ட உலகத்தை, அவரைப் பிரிந்து ஊரிலிருந்தோர் இச்சுவர்களில் கண்டார்கள் எனலாம்.

ஆனால் காலப்போக்கில் குடும்பங்களே கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் குடிபெயர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி கழிவதற்குள் புதிய ஹவேலிகள் எழுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. பல வீடுகள் பூட்டப்பட்டு, ஒரு காவற்காரர் பொறுப்பில் விடப்பட்டன. பங்காளிகள் பலராகப் பெருகவே, பழுது பார்க்க ஒருவரும் முன்வராத நிலை நேர்ந்தது. சுவரில் ஏறிய ஈரமும் உப்பும் சாந்தை உதிர்த்தன. பல சித்திரங்கள் புதிய வெள்ளையடிப்பிலும் விளம்பர எழுத்திலும் மறைந்தன. எனினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. நவல்கட்டில் 1902இல் கட்டப்பட்ட போதார் ஹவேலி அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. ஃபதேபூரில் 1802இல் எழுந்த ஒரு ஹவேலியை 1998இல் நதீன் ல பிரின்ஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர் விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார்.

இதைக் கேட்கும்போது செட்டிநாடு நம் கண்முன் வருவது இயல்பே. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய செல்வம் காரைக்குடி வட்டாரத்தில் முகப்பும் வளவும் கொண்ட பெருவீடுகளாயிற்று. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணச் சாந்தால் கண்ணாடிபோல் மெருகேற்றிய அவற்றின் சுவர்களும் ஷேகாவாட்டிச் சுவர்களுக்கு உறவினவே. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அவ்வருவாய் குன்றியது. பூட்டிய வீடு, பல பங்காளிகள், தொலைவிலுள்ள பிள்ளைகள் என்ற அதே கதை அங்கும் நிகழ்ந்தது.

இவ்விரு நாடுகளும் நமக்குக் கூறும் செய்தி ஒன்றுண்டு. சுண்ணாம்புச் சுவர், தான் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டையோ எண்ணெய் வர்ணத்தையோ பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரை அரிக்கும். நல்லெண்ணத்துடன் செய்த செப்பனீடே பழைய வீட்டுக்குப் பகையாகிவிடுவதுண்டு. நேயர்களில் பலருக்கு ஊரில் பாட்டனார் கட்டிய வீடு இருக்கலாம். விடுமுறைக்குச் சென்று அதைப் புதுப்பிக்க விரும்புவோர், வர்ண டப்பாவைத் திறப்பதற்கு முன், சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லட்டும். சுவர் இருந்தாலும் கைத்திறன் அறிந்தவர் மறைந்துவிட்டால், பிறகு பணத்தால் அதை மீட்க இயலாது.