பிரேசிலியத் திரையில் ஒரு கறுப்பு முகம்

1945 மே 8 ஆம் நாள் ஐரோப்பாவிலே நாசிப் படைகள் சரணடைந்த செய்தி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அன்றிரவு றியோ டி ஜனேரோ மாநகர அரங்கில் ஒரு நாடகம் மேடையேறிற்று. 1909 இல் திறந்துவைக்கப்பட்ட அவ்வரங்கு பிரேசிலியச் செல்வர் குழாத்தின் பெருமிதச் சின்னமாகும். அதன் மேடையிற் கறுப்பின மக்களின் நாடகக் குழுவொன்று தோன்றியது அதுவே முதற் றடவை. நாடகம் யூஜின் ஓநீலின் 'சக்கரவர்த்தி ஜோன்ஸ்'. உரிமைப் பணம் எதுவும் பெறாமலே ஆசிரியர் அதனை ஆட அனுமதித்திருந்தார். அதிற் சிறு வேடமொன்றை ஏற்றிருந்த பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது நிறைய இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. அவர்தாம் றூத் டி சூசா.

பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13 இல். அமெரிக்கக் கண்டங்களில் அதனைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அதுவே. விடுதலை பெற்றோருக்குக் காணியோ கல்வியோ வழங்கப்படவில்லை; அடிமை என்ற பெயர் போய்க் கூலி என்ற பெயர் வந்தது. அச்சட்டம் பிறந்து முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 1921 இல், றியோவிற் பிறந்தவர் றூத். இளமையைக் கிராமப்புறத்திற் கழித்தவர், தந்தையார் இறந்தபின் தாயாருடன் நகருக்கு மீண்டார். தாயார் கொப்பகபானாவிற் சலவைத் தொழில் செய்து பிள்ளைகளை வளர்த்தார். அச்சூழலில் வளர்ந்த கறுப்புச் சிறுமி நடிகையாக விரும்பினாள் என்றால், அது எத்துணை துணிச்சலான ஆசை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கறுப்பு மனிதனொருவன் நாடகத்தின் தலைமைப் பாத்திரமாக வரநேர்ந்தால், வெள்ளை நடிகன் முகத்திற் கரி பூசிக்கொண்டு நடிப்பதே அன்றைய வழக்கம்.

1941 இல் பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் இதே ஓநீல் நாடகம் ஆடப்பட்டபோது, கரி பூசிய வெள்ளையர் ஒருவரே ஜோன்ஸாகத் தோன்றினார். பார்வையாளருள் ஒருவராக இருந்த அப்டியாஸ் டோ நசிமென்டோ என்னும் பிரேசிலிய இளைஞரின் உள்ளத்தில் அக்காட்சி முள்ளாகத் தைத்தது. 1944 இல் அவர் நிறுவிய கறுப்பர் பரிசோதனை அரங்கின் வித்து அதுவே. வீட்டு வேலைக்காரிகளும் தொழிலாளரும் அதில் நடிக்க வந்தனர். அவர்களுள் எழுத்தறியாதோர் பலராதலின், ஒத்திகைக்கு முன் அரிச்சுவடி தொடங்க வேண்டியிருந்தது. மாணவர் தேசிய ஒன்றியம் தன் கட்டிடத்தில் அதற்கு இடமளித்தது. எழுத்தறியாதவருக்கு வாக்குரிமையே இல்லாத நாடு அன்றைய பிரேசில். 1985 வரை அந்நிலை நீடித்தது. ஆகவே அவ்வகுப்புகளை நாடகப் பயிற்சியின் துணைக் காரியமென்று மட்டும் கருதுதல் தவறாகும். படிப்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு, அந்த இரவுப் பள்ளி அரங்கேற்றத்திலும் பெரிய நிகழ்ச்சியாகவே படுகிறது.

1948 இல் றூத் திரைக்கு வந்தார். ஜோர்ஜ் அமாடோவின் நாவலைத் தழுவிய 'வன்முறை பூமி' அவரது முதற்படம். 1950 இல் றொக்பெல்லர் நிதியத்தின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று நாடகம் பயின்றார்.

மீண்டு வந்தவரை வேறா குறூஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1949 இல் சாவோ பாவுலோவின் தொழிலதிபர்கள் நிறுவிய படத்தொழிற்சாலை அது. ஐரோப்பாவிலிருந்து தொழில்நுட்பக் கலைஞரை வரவழைத்து, ஐரோப்பியத் தரத்திற் படமெடுக்க வேண்டுமென்பது அவர்தம் கனவு. (அக்கனவு 1954 இற் கடனில் மூழ்கியது. நிறுவனத்தின் பெருவெற்றிப் படத்தின் வெளிநாட்டு வருவாயை அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் அள்ளிக்கொண்டமை தேசிய முதலாளியத்தின் வலுவுக்கு நல்ல சான்று!) அங்கே 1953 இல் உருவான 'சிஞ்ஞா மோசா' அடிமை முறையின் இறுதி நாள்களைக் கூறுவது. தோட்ட முதலாளியின் வெள்ளை மகளும் அவள் காதலனும் அடிமைகளுக்காகப் பரிந்து நிற்கின்றனர். கதையின் ஒளி முழுதும் அவர்கள்மீதே விழுகிறது. தப்பியோடிக் காடுகளிற் குடியிருப்பு அமைத்தும், கிளர்ந்தெழுந்தும் தம் விடுதலைக்காகத் தாமே போராடிய அடிமைகளின் வரலாறு பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. அப்படத்தில் சபீனா என்னும் அடிமைப் பெண்ணாக றூத் நடித்தார். கதாநாயகி அவரல்லர். ஆயினும் வெனிஸ் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகைப் பரிசுக்குரியோர் வரிசையிற் பேசப்பட்ட பெயர் அவருடையதே. பரிசு லில்லி பாமருக்குச் சென்றது.

அடிமை, ஆயா, சமையற்காரி: இவ்வேடங்களை அவர் ஏன் ஏற்றார் எனச் சிலர் குறை கூறக்கூடும். எம்மால் அதற்கு உடன்பட முடியவில்லை. கதை எழுதியவரும் பணம் போட்டவரும் கறுப்புப் பெண்ணை அடுக்களைக்கு அப்பாற் கண்டதில்லை. மறுத்துவிட்டு வீட்டிலிருந்திருந்தால் அவ்வேடம் வேறொருவருக்குப் போயிருக்கும், அல்லது கரி பூசிய முகமொன்றுக்குப் போயிருக்கும். எழுதப்படாத மனுஷியை அவ்வேடத்தினுள் நுழைத்தமையே அவர் செய்த பணி.

எழுதப்பட்ட மனுஷி ஒருத்தி 1961 இற் கிடைத்தாள். சாவோ பாவுலோவின் கனின்டே சேரியிற் கழிவுக் கடதாசி பொறுக்கி மூன்று பிள்ளைகளைக் காத்த கறோலினா மரியா டி ஜேசுஸ், குப்பையில் எடுத்த கொப்பிகளில் எழுதிய நாட்குறிப்பு 1960 இல் நூலாகிப் பெரும் பரபரப்பை விளைவித்தது. மறு ஆண்டு அது நாடகமானபோது கறோலினாவாக நடித்தவர் றூத். சேரிக்கு நேரிற் சென்று, கறோலினாவுடன் அதன் சந்துகளில் நடந்து அவ்வேடத்துக்குத் தம்மை ஆயத்தஞ் செய்தார். சலவைக்காரியின் மகளுக்கு அவ்வாழ்வு முற்றும் அந்நியமாயிருந்திராது.

1964 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1968 இல் நாட்டைவிட்டுச் சென்ற அப்டியாஸ் பல்லாண்டுகள் அந்நிய மண்ணில் வாழ நேர்ந்தது. 1969 இல் குளோபோ தொலைக்காட்சி 'டொம் மாமாவின் குடிசை'யைத் தொடராக்கிற்று. டொமின் மனைவி குளோவியாக றூத். டொம் யார் தெரியுமா? முகத்திற் கரி பூசிய வெள்ளை நடிகர் சேர்ஜியோ கார்டோசோ! அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த ஆப்பிரகாம் லிங்கனாக வந்தவரும் அவரே. மாநகர அரங்கின் அந்த இரவு கழிந்து இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னரும், லீமாவில் அப்டியாஸ் கண்ட அதே கரி இலட்சக்கணக்கான வீடுகளுக்குட் புகுந்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன, தொடர் நிற்கவில்லை. இனபேதமற்ற சனநாயகம் எனத் தன்னைப் பறைசாற்றிக்கொண்ட நாடு அது.

றூத் நடிப்பதை நிறுத்தவுமில்லை. 2004 இல், கறுப்பின இயக்குநரான ஜோயெல் சீற்றோ அறவுஜோவின் 'காற்றின் புதல்வியர்' என்ற படத்தில், நடிகையாகும் ஆசையால் ஊரைவிட்டுச் சென்ற பெண்ணொருத்தியை அவளது முதுமையிற் சித்திரித்தார். ஊரிலேயே தங்கிவிட்ட சகோதரியாக வந்தவர் லேயா கார்சியா. அவரும் அப்டியாஸின் அரங்கில் வளர்ந்தவரே. கிறமாடோ விழாவிற் சிறந்த நடிகைப் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. றூத்துக்கு அப்போது வயது எண்பத்துமூன்று. 2019 யூலை 28 இல், தொண்ணூற்றெட்டாவது வயதில், பிறந்த நகரிலேயே அவர் காலமானார்.