மாயவரமா, மயிலாடுதுறையா?

போன மாசம் பாட்டிக்கு ரயில் டிக்கெட் போட உட்கார்ந்தேன். "மாயவரத்துக்குத்தானேடா போடுறே?"ன்னு பக்கத்துல இருந்து குரல். "மயிலாடுதுறை பாட்டி"ன்னேன். "அதான்டா, மாயவரம்" என்று முடித்துவிட்டார்.

ஸ்கிரீனைப் பார்த்தால் பாட்டிக்கும் ஒரு சாட்சி இருந்தது. ஸ்டேஷன் பெயர் மயிலாடுதுறை. பக்கத்தில் ஸ்டேஷன் கோடு? எம்.வி. மாயவரத்தின் மிச்சம். எழும்பூருக்கு இன்னும் எம்.எஸ்., சென்னை விமான நிலையத்துக்கு எம்.ஏ.ஏ. என்று மெட்ராஸ் ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான். டேட்டாபேஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: டிஸ்ப்ளே பெயரை மாத்திடலாம், ஐடி மேல கை வைக்கத்தான் பயம்.

சரி, இதில் எது பழைய பெயர்? நான் ரொம்ப நாள் மாயவரம்தான் ஒரிஜினல், மயிலாடுதுறை அரசாங்கம் கண்டுபிடித்த புதுப் பெயர் என்றே நினைத்திருந்தேன். நேர்மாறு. ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடியது மயிலாடுதுறையைத்தான். அம்பிகை மயிலாக வந்து சிவனை வழிபட்டாள் என்பது தலபுராணம். துறை என்றால் காவிரிப் படித்துறை. ஐப்பசி முழுக்க அங்கே துலா ஸ்நானம். கடைசி நாள் கடைமுழுக்கு. அதைத் தவறவிட்டவருக்காகக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. லேட்டா வர்றவங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கிய ஊர், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

அப்புறம் வடமொழி வந்தது. மயிலுக்கு மயூரம், சாமி மயூரநாதர், ஊர் மாயூரம். திருமறைக்காடு வேதாரண்யம் ஆனதும், முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் இதே கதைதான். 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதிய வேதநாயகம் பிள்ளை அங்கே முன்சீப்பாக இருந்தவர். இன்றும் அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான். ஆனால் ஜனங்கள் வாயில் மாயூரம் நிற்கவில்லை, மாயவரம் ஆகிவிட்டது.

1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெயர் அதிகாரபூர்வமாக மயிலாடுதுறை என்று மாறியது. எங்க பாஷையில் சொன்னா அது புது ரிலீஸ் இல்லை, ரோல்பேக். 2020ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து 38வது மாவட்டம் ஆனபோதும் அதே பெயர். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில்தான் இன்னும் சண்டை: மாவட்டத்துக்கு 'துறை'யில் ஒரு ஹெச் உண்டு, ரயில்வேக்கு இல்லை. ஹெச் போட்டுத் தேடி நானே முழிச்சிருக்கேன்.

மாற்றியது சரி என்பதுதான் என் கட்சி. தேவாரத்தில் இருக்கிற பெயரை மொழிபெயர்ப்பு மறைக்க வேண்டியதில்லை. ஆனா 'மாயவரம்னு சொல்றது தப்பு'ன்னு திருத்த வர்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. மாயூரம் வேண்டுமானால் மேலிருந்து வந்திருக்கலாம். அதைத் தேய்த்து மாயவரம் ஆக்கியது நம்ம ஊர் நாக்கு. அதுவும் தமிழ் செய்த வேலைதானே?

இதையெல்லாம் பாட்டியிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டார். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா"ன்னு பழமொழியைச் சொல்லிவிட்டு, லோயர் பெர்த் கிடைச்சுதான்னு கேட்டார்.

கிடைக்கலை. ஆர்.ஏ.சி.