சூப்பர்சார்ஜர்

சூப்பர்சார்ஜர் என்பது அட்டாரி 2600 வீடியோ கேம் கருவியின் கார்ட்ரிட்ஜ் துளையில் பொருத்தி, ஒலியாகப் பதிவான ஆட்டங்களை ஏற்றப் பயன்படும் துணைக்கருவி. அமெரிக்காவின் ஸ்டார்பாத் நிறுவனம் (முதற்பெயர் ஆர்கேடியா) இதனை 1982இல் வெளியிட்டது.

1977இல் விற்பனைக்கு வந்த அட்டாரி 2600இன் நினைவகம் 128 பைட் மட்டுமே. ஆட்டங்கள் கார்ட்ரிட்ஜில் அழியாதவாறு எழுதி விற்கப்பட்டன. சூப்பர்சார்ஜர் 6 கிலோபைட் நினைவகத்தையும், ஏற்றும் நிரல் அடங்கிய 2 கிலோபைட் நிலை நினைவகத்தையும் சேர்த்தது. அதன் ஒயரை கேசட் பிளேயரின் இயர்போன் துளையில் செருகி நாடாவை ஓடவிட்டால், நீளத்தில் வேறுபடும் ஒலித்துடிப்புகள் 0, 1 என நினைவகத்தில் பதியும். ஏற்றம் நடக்கையில் திரையின் இருபுறமிருந்தும் நீலப் பட்டைகள் நடுவை நோக்கி நகரும். மின்சாரத்தை நிறுத்தினால் ஆட்டம் அழியும்.

ஒலி நாடாவிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. இதனால் 1990களில் ஆர்வலர்கள் தாமே எழுதிய ஆட்டங்களைச் சோதிக்க இக்கருவி கைகொடுத்தது. கணினியில் தொகுத்த கோப்பை மேக்வேவ் என்னும் நிரல் வேவ் ஒலிக்கோப்பாக்கும். அதை ஹெட்போன் துளைவழி ஒலிக்கச் செய்தால் போதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஈப்ராம் சில்லை அழித்து எழுதும் வேலை மிச்சம். தொல்லை ஒலியளவில்தான்: குறைந்தால் துடிப்பு எட்டாது, மிகுந்தால் சிதையும். கணினியின் அறிவிப்பு ஒலி குறுக்கிட்டாலும் ஏற்றம் கெடும்.

எஸ்டி அட்டையில் கோப்புகளை வைத்து இயக்கும் ஹார்மனி கார்ட்ரிட்ஜ் வந்தபின் ஒலிவழி ஏற்றம் அருகியது. பழைய சூப்பர்சார்ஜர் ஆட்டங்களையும் அது இயக்கும்.