விடு, போக்கு, போடு, அடி

செய்தி போவதைச் சொல்லத் தமிழில் பல வினைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அனுப்புகிறவர் பக்கம் விடு, போக்கு, போடு, அடி. பெறுகிறவர் பக்கம் எட்டு, சேர், கிடை. 1752-இல் கோவளத்தில் நடந்ததைச் சொல்ல ‘எட்டு’ ஒன்றே போதும். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டை ராபர்ட் கிளைவிடம் சரணடைந்தது. அந்தச் சேதி செங்கல்பட்டுக்கு எட்டவில்லை. கோட்டை இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று நம்பி அங்கிருந்து ஓர் உதவிப்படை கிளம்பி வந்தது. பதுங்கியிருந்த கிளைவின் ஆட்கள் அதை வழியிலேயே மடக்கினார்கள். அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையும் வீழ்ந்தது.

அனுப்பும் வினைகளில் ‘விடு’ பழையது. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் போனதைக் குறிக்கும் புறநானூற்று 95-ஆம் பாட்டின் பழங்குறிப்பு, அதியமான் தூது ‘விட’ அவர் சென்றதாகவே சொல்கிறது. விடுவதென்றால் கையிலிருந்து நழுவவிடுவது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அதன்பின் போனவர் பொறுப்பு. படைக்கலக் கொட்டிலைக் காட்டிய தொண்டைமானிடம், புகழ்வதுபோல் இகழ்ந்து பேசும் உரிமை ஔவைக்கு அப்படித்தான் கிடைத்தது. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் ‘நெஞ்சுவிடு தூது’ பாடினார்; பின்னால் கிளியும் தமிழும்கூடத் தூது விடப்பட்டன.

ஓலைக்கு அந்த உரிமை இல்லை. எழுதியது எழுதியபடியே போகும். அதனால் அதை ‘போக்கினார்கள்’. அரசனிடமிருந்து வந்த ஓலைக்குத் ‘திருமுகம்’ என்று பெயர். அனுப்பியவரே முகம் காட்டுவதாகப் பாவனை. எழுத்தில்லாத இடத்தில் ‘சொல்லிவிடு’ ஆண்டது. ‘வரச் சொல்லிவிட்டார்’ என்றால் ஆள் மூலம் அழைத்தார் என்றும் கொள்ளலாம், நேரில் சொல்லி முடித்தார் என்றும் கொள்ளலாம். கேட்பவருக்கு இடமும் முகமும் தெரிந்திருந்தால்தான் பொருள் விளங்கும். சாவுக்கு மட்டும் ‘செய்தி அனுப்பினார்’ என்பது வழக்கில்லை. ஊர் ஊராக ஆள் போய் ‘சாவு சொன்னார்’. அந்தச் சொல்லில் இன்றும் ‘அனுப்பு’ நுழையவில்லை.

1854 அக்டோபரில் தூரம் பாராத அரையணாக் கட்டணம் வந்தது. தபால் பரவியதும் ‘கடுதாசி போடு’ வழக்காயிற்று. பெட்டிக்குள் போடும் அந்தக் கடைசிக் கணம், எழுதியது, மடித்தது, முகவரியிட்டது எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ‘போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடு’ என்று ரயிலடியில் சொன்னவர் எழுதச் சொன்னாரே தவிர, பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.

தந்தி 1855-இல் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ‘தந்தி’ வீணையின் நரம்பு. கம்பி வழியே போன செய்திக்கு அந்தப் பெயரே நின்றது. வினைச்சொல் அலுவலக மேசையிலிருந்து வந்தது. மோர்ஸ் விசையைக் குமாஸ்தா விரலால் அடித்தார். கட்டுக் கடகட என்று அது ஒலித்தது. சன்னலுக்கு வெளியே காசை எண்ணிக்கொடுத்தவர் விசையைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ‘தந்தி அடித்தேன்’ என்று தன் செயலாகவே சொன்னார். சொல்லுக்கு இத்தனை காசு என்பதால் வாக்கியம் சுருங்கியது. ‘மதர் சீரியஸ், ஸ்டார்ட்’ என்ற அளவில் நின்றது. தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே, உறையைப் பிரிக்கும் முன் அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலையில் சேவை மூடப்பட்டது.

வினைகள் மூடப்படவில்லை. தந்தியிடமிருந்து ‘அடி’யைத் தொலைபேசி வாங்கிக்கொண்டது: ‘போன் அடி’. கடுதாசியின் ‘போடு’ வாட்ஸ்அப்புக்குப் போனது: ‘குரூப்பில் போடு’. ‘ஒரு மெசேஜ் தட்டிவிடு’ என்பதில் விசையின் தட்டலும் தூதின் விடுதலும் ஒன்றாக இருக்கின்றன. ‘கோவளம் தாண்டினதும் ஒரு ரிங் விடு’ என்று வண்டி ஓட்டுபவரிடம் சொன்னால், யாரும் போனை எடுக்க வேண்டாம். மணி ஒலித்தாலே சேதி எட்டிவிடும்.