குட்டி போடும் வண்ண மீன்கள்: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்

பிள்ளைகள் மீன் தொட்டி கேட்டால், நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது கப்பி மீன்தான். விலை குறைவு, வளர்ப்பதும் எளிது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை முட்டையிடுவதில்லை, நேரடியாகக் குட்டி போடுகின்றன. வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரிலிருந்து நம் படூர் வரை எந்தக் கடையிலும் இவற்றைப் பார்க்கலாம்.

ஆண் கப்பி சிறியது. வண்ண வால் உடையது. பெண் பெரியது; நிறம் மங்கலாக இருக்கும். ஆணின் வயிற்றின் கீழுள்ள துடுப்பு குச்சி போல் நீண்டிருக்கும். அதன் வழியாகவே விந்தணு பெண்ணின் உடலுக்குள் செல்கிறது. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே கருவுற்று, தம்மிடமுள்ள மஞ்சள் கருவைக் கொண்டு வளர்கின்றன. சுமார் நான்கு வாரங்களில் குட்டிகள் வெளிவந்து, உடனே நீந்தத் தொடங்கும். ஒரு முறைக்கு 20 முதல் 50 குட்டிகள் வரை பிறக்கலாம்; பெரிய தாய் மீன் அதற்கு மேலும் போடும்.

"தொட்டியில் ஆண் மீனே இல்லை, குட்டி எப்படி வந்தது?" என்று பலர் கேட்பதுண்டு. ஒரு முறை இணைந்த பெண் மீன் விந்தணுவைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். கடையில் ஆண்களோடு இருந்த பெண் மீனை மட்டும் தனியாக வாங்கி வந்தாலும் அது மாதாமாதம் குட்டி போடலாம்.

பின்வயிற்றிலுள்ள கரும்புள்ளி பெரிதாகி, வயிறு பக்கவாட்டில் புடைத்துவிட்டால் குட்டி போடும் நாள் நெருங்கிவிட்டது என்று அறியலாம். தாய் உட்படப் பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்றுவிடும். எனவே தொட்டியில் பாசியை அடர்த்தியாக வைத்தால் குட்டிகள் ஒளிந்துகொள்ளும். அல்லது குட்டி போட்டதும் தாயை வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். குட்டிகளுக்கு உணவை நன்றாகப் பொடித்து, சிறிது சிறிதாக நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுப்பது நல்லது.

பெருகிய பிறகுதான் சிக்கல் வருகிறது. ஆண் குட்டிகள் சுமார் இரண்டே மாதங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆறு மாதத்தில் தொட்டி நிரம்பிவிடும். அப்போது, "பாவம், ஏரியில் விட்டுவிடுவோம்" என்று தோன்றும். அதை மட்டும் செய்யக் கூடாது.

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதையொட்டிய தீவுகளும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கம்பூசியா 1928-இல் கொசுப் புழுக்களை ஒழிப்பதற்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. காரணம், அது கொசுப் புழுவோடு நிற்காமல் பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கிறது. நம் ஏரிகளில், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீந்தும் சிறு மீனும் கொசுப் புழுக்களைத் தின்னக்கூடியதே. வெளியிலிருந்து வரும் மீன் அதற்குப் போட்டியாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி வழியும்போது, ஓரிடத்தில் விட்ட மீன் அடுத்த நீர்நிலைக்கும் போய்விடும். மோலி உவர் நீரையும் தாங்கும் என்பதால் முட்டுக்காடு கழிமுகமும் அதற்குத் தடையாகாது.

ஆகவே, குட்டி வேண்டாம் என்பவர்கள் ஆண் மீன்களை மட்டும் வாங்கலாம். குட்டி வேண்டும் என்பவர்கள் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் வைத்து, பிறக்கும் குட்டிகளை இரண்டு மாதம் ஆவதற்குள் ஆண், பெண் எனப் பிரித்துவிட வேண்டும். மிஞ்சியவற்றை மீன் கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் உறவினர், அண்டை வீட்டாரிடமோ கொடுத்துவிடலாம். தொட்டித் தண்ணீரை மாற்றும்போதும் குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல் செடிகளுக்கு ஊற்றுவோம். மீன் வாங்கித் தரும் நாளிலேயே இவற்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.